கர்ப்பகாலச் சர்க்கரை டெஸ்ட்: அந்த இரண்டு மணி நேரத்தில் கவனிக்க வேண்டியவை

கர்ப்பத்தைப் பதிவு செய்ய வரும் முதல் நாளிலேயே சர்க்கரை டெஸ்ட் எடுக்கிறோம். அப்போது நார்மல் என்று வந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும். வயிறு வளர வளர நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாது. அதனால் மூன்றாம் மாதத்தில் நன்றாக இருந்தவருக்கு ஆறாம் மாதத்தில் சர்க்கரை ஏறலாம்.

75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். 140 (மி.கி./டெ.லி.) அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சாப்பிட்டுவிட்டே வரலாம். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், தொலைவிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் மறுமுறை வருவது கடினம். அதை மனதில் வைத்துத்தான் சென்னையில் சர்க்கரை நோய் மருத்துவர் டாக்டர் வி. சேஷையாவும் உடன் இருந்தவர்களும் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள்.

பிழை பெரும்பாலும் அளவில்தான் தொடங்கும். கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் தூளில் நீரும் சேர்ந்திருப்பதால், 75 கிராம் கிடைக்க 82.5 கிராம் போட வேண்டும். ஸ்பூன் கணக்கு உதவாது, எடை போட்ட பாக்கெட்தான் சரி. ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடித்து முடியுங்கள். மடக்கென்று குடித்தால் குமட்டும், அரை மணி நேரம் இழுத்தால் கணக்குக் கெடும். முதல் வாய் குடித்த நேரத்தை அட்டையில் எழுதச் சொல்லுங்கள், இரண்டு மணி நேரம் அதிலிருந்துதான். அரை மணிக்குள் வாந்தி வந்தால் அன்றைய டெஸ்ட் செல்லாது, மறுநாள் வர வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் தொடரலாம்.

இடையில் டீ, பிஸ்கட் எதுவும் வேண்டாம், இரண்டு வாய் தண்ணீர் போதும். கடைத்தெருவுக்கு நடந்துவிட்டு வரவும் கூடாது, நடந்தால் சர்க்கரை இறங்கிக் காட்டும். விரல் நுனியில் குத்திப் பார்ப்பதாக இருந்தால் அதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். டம்ளரில் வழிந்த குளுக்கோஸ் விரலில் பிசுபிசுவென ஒட்டியிருந்தால், அதுவே அளவை ஏகமாகக் கூட்டிக் காட்டும்.

நரம்பில் எடுத்து லேபுக்கு அனுப்பும்போது ஆபத்து வேறு திசையில். குழாயிலுள்ள ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். 146 இருந்த ரத்தம் ஒரு மணி நேரம் மேஜையில் கிடந்தால் 137 என்று நார்மலாகிவிடும். சாம்பல் மூடிக் குழாயில் சர்க்கரை குறைவதைத் தடுக்கும் ஃப்ளோரைடு என்ற ரசாயனம் இருக்கிறதே என்பார்கள், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அதுவும் முழுதாகத் தடுக்காது. ஐஸில் வைத்து, சீக்கிரம் இயந்திரத்தில் சுற்றி, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரிப்பதுதான் வழி.

இந்த ஒற்றை டெஸ்ட் போதுமா என்ற விவாதம் ஓயவில்லை. ஒன்பது நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளிடம் நடந்து 2008-ல் வெளியான ஹாப்போ (HAPO) என்ற ஆய்வை ஒட்டி வந்த அளவுகோலுக்கு வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153, இதில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று சொல்லப் போதும். அதோடு ஒப்பிட்டால் சாப்பிட்டு வந்து செய்யும் டெஸ்ட் பலரைத் தவறவிடுகிறது என்று சென்னையிலேயே ஆய்வு வந்திருக்கிறது. அந்தக் குறை உண்மைதான். ஆனாலும் எல்லாரையும் பார்த்துவிடுகிற டெஸ்ட் முதலில் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. முந்தைய கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர், அம்மாவுக்குச் சர்க்கரை உள்ளவர், முதல் குழந்தை நான்கு கிலோவுக்கு மேல் பிறந்தவர் ஆகியோர் மட்டும் வெறும் வயிற்று டெஸ்டையும் டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ பதற வேண்டாம். முதல் இரண்டு வாரம் சாப்பாட்டுமுறையும் நடையும்தான். அதற்குப் பிறகும் சாப்பிட்ட இரண்டு மணியில் 120-க்குக் கீழே வராவிட்டால் மெட்ஃபார்மின் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ தொடங்குவார்கள். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள், உடல் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோன் சிறுநீரில் வரும்.

பிரசவத்துக்குப் பிறகு ஆறாவது வாரத்தில் இதே 75 கிராம் டெஸ்ட் ஒருமுறை உண்டு, இந்த முறை வெறும் வயிற்றோடு. அதிகம் விட்டுப்போவது இதுதான். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட வரும் காலையிலேயே எடுத்துவிடலாம். வெறும் வயிற்றில் 126 அல்லது இரண்டு மணியில் 200 தொட்டால் அது சர்க்கரை நோய். இரண்டு மணியில் 140 முதல் 199 வரை என்றால் எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள், ஆண்டுக்கொரு முறை பாருங்கள்.