தலைக்கு நாலு கிலோ மரவள்ளி

ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு நாடுவாரியாக வெளியிடும் உணவுச் சமநிலைக் கணக்கில் மரவள்ளிக் கிழங்குக்கென்று தனி வரி ஒன்று உண்டு. இராசிபுரத்துக்குப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் அந்தக் கிழங்கைப் போடும் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், அந்தப் பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் நெல்லையும் கோதுமையையும் தாண்டி என் கண் முதலில் அந்த வரிக்குத்தான் போகிறது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை நம் பக்கத்து ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

கணக்கின் அமைப்பு எளிமையானது. நாட்டில் விளைந்ததோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, இருப்பில் ஏற்பட்ட மாற்றத்தைச் சரிசெய்தால் உள்நாட்டு வழங்கல் கிடைக்கும். அதிலிருந்து கால்நடைத் தீவனம், விதை, தொழிற்சாலைப் பயன்பாடு, சேதாரம் ஆகியவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சுவதை உணவு என்று எழுதி, மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். ஆகவே தலைக்கு இத்தனை கிலோ என்று வருவது யாரும் தட்டில் அளந்து பார்த்த எண் அல்ல. மற்ற கட்டங்களில் நேர்ந்த பிழைகளில் பெரும்பங்கு கடைசியில் வந்து சேரும் மிச்சம் அது.

இந்தியாவின் மரவள்ளி விளைச்சல் அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 50 முதல் 70 லட்சம் டன் வரை என்று பதிவாகியிருக்கிறது. எதையும் கழிக்காமல் 140 கோடி பேருக்குப் பங்கிட்டாலே ஆண்டுக்குத் தலைக்கு நாலைந்து கிலோதான் வரும். நாலு கிலோ என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 11 கிராம். பச்சைக் கிழங்கின் 100 கிராமுக்கு 160 கலோரி என்று கணக்கிட்டால் 18 கலோரிகூடத் தேறாது. உலகில் மிகுதியாக மரவள்ளி விளைவிக்கும் நைஜீரியாவோ ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டன் எடுக்கிறது. அங்கே காரி என்னும் வறுத்த மாவு அன்றாடச் சாப்பாடு. விளைச்சலில் இவ்வளவு பின்தங்கிய நாடு என்று நம்மைப் பற்றி நினைத்துவிட வேண்டாம். ஹெக்டேருக்கு நாம் எடுக்கும் 35 டன் அளவிலான மகசூல் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று, நைஜீரியாவைப் போலப் பல மடங்கு.

தேசிய சராசரி மறைப்பது இதைவிடப் பெரிது. நாட்டின் மரவள்ளியில் மிகப் பெரும்பகுதி தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் விளைகிறது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பரப்புவதில் தனி அக்கறை காட்டினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது அங்கே பல குடும்பங்களின் அடுப்பில் வெந்தது கப்பைதான். கேரளத்தில் கிழங்கு நேராகத் தட்டுக்கு வருகிறது. சேலம், நாமக்கல் பக்கத்தில் அதே கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்ற அதே போர்க்காலத்தில் சேலத்தில் வேரூன்றிய தொழில் அது. 1981 முதல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு அதன் விற்பனைக்குத் துணைநிற்கிறது. இரண்டு வாழ்க்கைகளும் ஒரே வரியில் ஒரே எண்ணாக நிற்கின்றன.

ஆலைக்குப் போன கிழங்கை மறுபடியும் கிழங்காக மாற்றி எழுதுவதில்தான் சிக்கல் அதிகம். கணக்கு முழுவதும் பச்சைக் கிழங்கின் எடையில் இருக்க வேண்டும் என்பதால், ஒரு கிலோ ஜவ்வரிசிக்கு எத்தனை கிலோ கிழங்கு என்று ஒரு விகிதத்தை வைத்தாக வேண்டும். நாலு என்று வைப்பதற்கும் ஐந்து என்று வைப்பதற்கும் கால்பங்கு வித்தியாசம். ஆலை வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரியும். வண்டியிலிருந்து எடுத்த கிழங்கைத் துண்டாக்கிக் கம்பிக் கூடையில் போட்டு, முதலில் காற்றில் நிறுத்து, பிறகு தண்ணீருக்குள் மூழ்க வைத்து நிறுப்பார்கள். மாவு கூடின கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனம் காட்டும். அதைக் கொண்டுதான் மாவுச்சத்தின் அளவை, அதாவது பாயிண்ட், சொல்வார்கள். விலை அந்தப் பாயிண்டுக்குத்தான். அறுவடைக்கு முன் நல்ல மழை பெய்துவிட்டால் பாயிண்ட் இறங்கிவிடும். அப்பா அந்தத் தராசு முள்ளைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. 24 பாயிண்ட் டன்னும் 30 பாயிண்ட் டன்னும் எங்களுக்கு வேறு வேறு சரக்கு. பட்டியலில் இரண்டும் ஒரு டன்தான்.

ஆலையிலிருந்து வெளியேறும்போது பாதை மேலும் பிரிகிறது. ஜவ்வரிசியில் பெரும்பகுதி மகாராஷ்டிரம் உள்ளிட்ட மாநிலங்களுக்குப் போய், விரத நாள் கிச்சடியாக உண்ணப்படுகிறது. மாவில் ஒரு பங்கு நெசவுப் பாவுக்குக் கஞ்சியாகவும், காகித ஆலைக்கும் பசைக்கும் போகிறது. பிழிந்த திப்பி மாட்டுக்குத் தீனி. உணவு, தொழிற்பயன், தீவனம் என்ற மூன்று கட்டங்களும் ஒரே மூட்டையிலிருந்து பிரிகின்றன. எந்த விகிதத்தில் பிரித்தோமோ அதைப் பொறுத்தே தலைக்கு இத்தனை கிலோ என்பது ஏறும், இறங்கும்.

சேதாரக் கட்டமும் அப்படியே. மரவள்ளி பிடுங்கின இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடிவிடும். வெட்டிப் பார்க்கும்போது வெள்ளைச் சதைக்குள் நரம்பு நரம்பாகக் கருநீலம் தெரிந்தால் வியாபாரி கையை உதறிவிட்டுப் போய்விடுவார். போதாததற்கு, எடையில் தோலும் நடுநரம்பும் சேர்ந்தே இருக்கின்றன. அவற்றை யாரும் உண்பதில்லை.

வீட்டு நுகர்வுக் கணக்கெடுப்பைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாமே என்றால் அங்கும் வசதி குறைவு. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் படிவங்களில் நெடுங்காலமாக மரவள்ளிக்கு இடம் கிடைத்தது தானியத்துக்கு மாற்றான பொருள்கள் என்ற தலைப்பின் கீழ்தான். நம் கிழங்கை அரிசி இல்லாத நாளின் பண்டமாகவே பார்த்த பார்வை அது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. சிப்ஸாகவும் வடையாகவும் கடையில் வாங்கித் தின்னும் கிழங்கு கிழங்கின் பெயரிலேயே பதிவாவதில்லை.

இவை அனைத்துக்கும் அடியில் விளைச்சல் என்ற முதல் கட்டம் இருக்கிறது. நெல்லைப் போல இதற்கு ஒரே அறுவடை நாள் கிடையாது. எட்டு மாதத்திலும் பிடுங்கலாம், பதினோரு மாதத்திலும் பிடுங்கலாம். சின்ன வெங்காயத்தை ஊடுபயிராக வைத்துக்கொண்டும் நிற்கும். அடங்கல் என்னும் கிராமப் பயிர்ப் பதிவேட்டில் ஒரு பசலியில், அதாவது ஒரு வருவாய் ஆண்டில், ஏறின பயிர் அடுத்த பசலியில்தான் வண்டி ஏறும். ஓர் ஆண்டு பாயிண்ட் விலை விழுந்தபோது, விலை தேறட்டும் என்று எங்கள் வயலில் அரை ஏக்கரைப் பிடுங்காமல் மண்ணிலேயே விட்டுவைத்தோம். இருப்பு மாற்றம் என்று பட்டியலில் ஒரு கட்டம் இருக்கிறது, ஆனால் அது கிடங்கில் இருக்கும் சரக்குக்கானது. எங்கள் அரை ஏக்கர் கிழங்கு அந்த மார்ச்சு மாதம் முழுவதும் மண்ணுக்குள் இருந்தது.