ஸ்கார்பியோ சஸ்பென்ஷனுக்கு ஆள் சேர்க்கிறேன்: இதுவரை நடந்தது

திருநெல்வேலிப் பக்கம் ஸ்கார்பியோ நிற்காத தெரு குறைவு. 2014-க்குப் பிறகு வந்த மாடலில் சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் கைகள் முன்னால் டபுள் விஷ்போன், பின்னால் மல்டி லிங்க் என்ற வகை; நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங், அதாவது சுருள் ஸ்பிரிங். ஒன்றிரண்டு பேரோடு ஓட்டும்போது பெரிதாகக் குறை தெரியாது. பங்குனி உத்திரம் வரட்டும். பொங்கல் பானை, அரிசி, விறகு, பிள்ளைகள், ஆச்சி என்று ஏற்றிக்கொண்டு சாஸ்தா கோவிலுக்குக் கிளம்பினால் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். வேகத்தடை ஒவ்வொன்றிலும் பம்ப் ஸ்டாப் (ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது தடுக்கிற கட்டை) ‘டம்’ என்று இடிக்கும்.

கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பட்டறை என் வண்டிக்குப் பின்பக்க ஸ்பிரிங் சுற்றிக் கொடுத்தது. அதில் ஒரு முனையில் சுற்று நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருக்கும். பாரம் ஏற ஏற நெருக்கமான சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மிச்சம் இருப்பவை விறைப்பாகத் தாங்கும். கூடவே கேஸ் ஷாக், அதாவது நைட்ரஜன் அடைத்த ஷாக் அப்சார்பர். முன்பக்கத்துக்கும் அளவெடுத்துச் செய்ய வேண்டும் என்றால் பத்து வண்டியாவது சேரணும் என்றார்கள். ஆள் சேர்க்க இறங்கியது அதனால்தான்; இதில் பொதுச்சேவை ஒன்றும் இல்லை.

பாளையங்கோட்டை, வள்ளியூர், அம்பை என்று தெரிந்தவர்களை எல்லாம் பார்த்தேன். எங்கே போனாலும் ஒரே பதில்: “வண்டி நல்லாத்தான ஓடுது, எதுக்குவே வீண் செலவு?” சொல்கிறவர் எல்லாரும் ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள். முன் சீட்டு இரண்டு அச்சுக்கும் நடுவில் இருக்கிறது. ஆட்டம் குறைவாகத்தான் தெரியும். கடைசி வரிசை பின் அச்சை ஒட்டி இருக்கிறது. பின்பக்கம் தூக்கிப் போடுவது அங்கேதான் முழுசாக விழும்.

அதனால் இப்போது பேச்சைக் குறைத்துவிட்டேன். ஓனரை என் வண்டியின் கடைசி சீட்டில் உட்கார வைப்பேன், வீட்டுக்காரர்களையும் ஏற்றிக்கொள்வேன், பாபநாசம் வரைக்கும் ஒரு ஓட்டம். திரும்பும்போது அவருடைய வண்டியில், அதே கடைசி சீட்டில். அம்பைக்கார அண்ணாச்சி ஒருவர் ஊர் வருவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவர் மதினி தீர்ப்பே சொல்லிவிட்டார்: “இனி கோவிலுக்கு அந்த வண்டின்னாத்தான் நான் வாரேன்.” அட்வான்ஸ் அன்றைக்கே வந்தது.

சிலருக்குக் கணக்குக் காட்டினால்தான் திருப்தி. அவர்களுக்கு இஞ்ச் டேப் போதும். பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே வளைவு வரைக்கும் முதலில் காலியாக அளக்கணும், அப்புறம் ஆளும் சாமானும் ஏற்றி அளக்கணும். என் வண்டி பழைய ஸ்பிரிங்கில் இரண்டரை அங்குலம் போல இறங்கியது, இப்போது ஒன்றரைதான்.

பெரிய போட்டி, சுற்றுகளுக்கு நடுவே செருகுகிற ரப்பர் பஃபர். விலை மலிவு, பத்து நிமிட வேலை. எனக்கு அது துளியும் பிடிக்காது. ரப்பர் செருகிய இடத்தில் ஸ்பிரிங் வேலை செய்யாது, சின்னக் குழி கூட நேரே பாடிக்கு ஏறும். ஸ்பிரிங் விறைப்பானால் அது திரும்பி எழும்பும் வேகமும் கூடும். அதைப் பிடித்து நிறுத்துவது ஷாக்கின் வேலை. பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு ரப்பர் மட்டும் போட்டால் வண்டி குதிக்கத்தான் செய்யும். கேஸ் ஷாக்கில் நைட்ரஜன் அழுத்தம் எண்ணெய் நுரைப்பதைக் குறைக்கிறது. அதனால் குண்டும் குழியுமான ரோட்டில் வெகுதூரம் போனாலும் அது சீக்கிரம் தளர்வதில்லை.

வண்டியை உயர்த்தித் தரச் சொல்லி இளவட்டங்கள் கேட்கிறார்கள். அதற்கு ஆளை விடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. நாளைக்கு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். நிற்கும் உயரம் பழைய உயரம்தான் என்று பட்டறையில் கறாராகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு குறையையும் எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் இல்லாமல் ஓட்டினால் பின்பக்கம் முன்னைவிடக் கொஞ்சம் கடினம்தான். தினமும் தனியாக ஜங்ஷனுக்கும் வண்ணார்பேட்டைக்கும் போய்வருகிறவருக்கு இது தேவையில்லை. அப்படி இரண்டு பேரை நானே திருப்பி அனுப்பிவிட்டேன்.

இப்போதைக்கு ஏழு பேர் பணம் கட்டியாயிற்று. திசையன்விளைக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் யோசிக்கிறார். மூட்டை கூடுதலாக ஏற்றலாமா என்பது அவர் கேள்வி. ஸ்பிரிங் மாற்றினாலும் வண்டி தாங்கும் எடைக்கணக்கு மாறாது என்று சொல்லியிருக்கிறேன், வருவாரா தெரியவில்லை. தை பிறந்ததும் பட்டறையில் வேலை தொடங்கினால்தான் உத்திரத்துக்குள் மாட்டி, அலைன்மென்ட்டும் பார்க்க முடியும். பொலீரோ வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டாம். அதில் பின்னால் பட்டை ஸ்பிரிங், இந்த செட் சேராது.