மவுண்டுக்கு அடியில் மறைந்திருந்த 27 ஜிபி

லினக்ஸ் சர்வர் ஒன்றின் ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டமே குடியிருக்கும் முதன்மைப் பகுதி) நிரம்பிவிட்டதென்று ஒரு காலையில் எச்சரிக்கை வந்தது. 40 ஜிபியில் 38 ஜிபி பயன்பாட்டில் இருப்பதாக, டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை சொன்னது. மீதி 2 ஜிபி, இஎக்ஸ்டி4 என்ற கோப்பமைப்பு வழக்கமாக ரூட் பயனருக்கென்று (சர்வரின் தலைமை நிர்வாகி) ஒதுக்கிவைக்கும் 5 விழுக்காடு. ஆனால் பிற மவுண்டுகளை, அதாவது ஏதேனும் ஒரு டைரக்டரியின் மேல் இணைக்கப்பட்ட பிற டிஸ்க்குகளை, தவிர்த்துவிட்டு, கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ கட்டளை கொண்டு பார்த்தபோது வந்தது 11 ஜிபிதான்.

இத்தகைய வேறுபாட்டைக் கண்டால், அழிக்கப்பட்ட பின்னும் ஏதோ ஒரு புராசஸ் திறந்துவைத்திருக்கும் லாக் கோப்பைத்தான் எவரும் முதலில் சந்தேகிப்பார்கள். நானும், திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். சொல்லும்படியாக எதுவும் இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வீதம் தேவைப்படும் ஐநோடுகளும் (கோப்பின் விவரப் பதிவுகள்) போதிய அளவு இருந்தன. ரீபூட் செய்து பார்க்கலாம் என்றார் உடன் பணிபுரிந்தவர். காரணம் தெரியாமல் செய்யும் ரீபூட் தடயத்தை அழித்துவிடும் என்பதால் நான் மறுத்தேன். முந்தைய ரீபூட்டில்தான் இந்தச் சிக்கலே தொடங்கியது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பேச்சுவாக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார்: பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் கிடந்ததைக் கண்டு, இரண்டு நாள் முன்பு தாமே கையால் மவுண்ட் செய்தாராம். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மவுண்ட் ஆகாத நாள்களில் பேக்கப் ஸ்கிரிப்ட் எங்கே எழுதியிருக்கும்?

ரூட் பார்ட்டிஷனை எம்என்டி டைரக்டரியில் பைண்ட் மவுண்ட் செய்து (அதை இன்னோர் இடத்திலும் தெரியவைத்து), அதன் வழியே பேக்கப் டைரக்டரிக்குள் நுழைந்தேன். மேலே மவுண்ட் ஆன டிஸ்க்கின் நிழலில் மறைந்துபோன அசல் டைரக்டரி அங்கே தெரிந்தது. அதில் தலா 3 ஜிபி அளவில் ஒன்பது பேக்கப் கோப்புகள்.

தவறு என்னுடையதே. சில மாதங்களுக்கு முன் அந்த டிஸ்க்கை மறுபடி ஃபார்மட் செய்தபோது அதன் யூயூஐடி (அடையாள எண்) மாறிவிட்டது. கையால் மவுண்ட் செய்து வேலையை முடித்த நான், பூட்டின்போது மவுண்ட் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய எண்ணை அப்படியே விட்டிருந்தேன். டிஸ்க் கிடைக்காவிட்டால் பூட் நின்றுவிடக் கூடாதென்று நோஃபெயில் என்ற ஆப்ஷனைச் சேர்த்திருந்ததும் நான்தான். கெர்னல் அப்டேட்டுக்குப் பின் ரீபூட் ஆன சர்வர், சொன்னபடியே டிஸ்க்கைத் தவிர்த்துவிட்டு எழுந்தது. அந்த ஆப்ஷன் இல்லாதிருந்தால் சர்வர் எமர்ஜென்சி மோடில் நின்று நள்ளிரவில் என்னை எழுப்பியிருக்கும். தூக்கம் கெட்டிருந்தாலும் தேடல் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

யூயூஐடியைத் திருத்தி, ஃபைண்ட்எம்என்டி கட்டளையால் எஃப்எஸ்டேப்பைச் சரிபார்த்தேன். டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து, ஒன்பது கோப்புகளையும் வெளியே எடுத்த பிறகு, வெறும் டைரக்டரிக்கு, கோப்புப் பண்புகளை மாற்றும் சாட்டர் கட்டளையால் மாற்றவியலாத் தன்மையை அளித்தேன். இனி மவுண்ட் இல்லாத வேளையில் ரூட் பயனராலும் அதற்குள் புதிய கோப்பு எதையும் உருவாக்க முடியாது. நோஃபெயிலை மட்டும் நீக்கவில்லை. அதற்குப் பதிலாக, அந்த மவுண்ட் இருந்தால் மட்டுமே பேக்கப் தொடங்கும்படி, அதை இயக்கும் சிஸ்டம்டி யூனிட்டில் (சேவைகளைத் தொடங்கும் அமைப்பின் அறிவுறுத்தல் கோப்பு) ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் வேண்டுமென்றே டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து, எஃப்எஸ்டேப் வரியையும் தற்காலிகமாகப் பிழையாக்கி, பேக்கப்பை ஓட்டினேன். அது தொடங்க மறுத்துப் பிழைச் செய்தியுடன் நின்றது.