சூட்டில் மட்டும் மக்கர் பண்ணிய டீசல் சென்சர்

எங்கள் டீசல் வானில் எஞ்சின் லைட் எரிந்ததெல்லாம் வெயில் ஏறிய பிறகுதான். காலையில் திருகோணமலை உப்புவெளியிலிருந்து கிளம்பும்போது ஒன்றும் இருக்காது. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகப் போக லைட் வரும், பிக்கப் குறையும். சூட்டோடு நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் பிடிக்கக் கொஞ்சம் நேரம் இழுக்கும்.

கராஜில் ஸ்கேன் பண்ணியபோது வந்த பழுதுக் கோட் பி0183. டீசலின் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சர் சர்க்கிட்டில் வோல்டேஜ் கூட என்று அர்த்தம்.

“சென்சர் போயிட்டுது தம்பி, மாத்திருவம்” என்றார் பாஸ்.

“ஒருக்கா அளந்து பாத்திட்டு மாத்துவம் அண்ணன்.”

சரியென்று மீற்றரை எடுத்துத் தந்தார். நல்ல மனிதர். நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. சென்சர் உள்ளே அறுந்தாலும், வயர் அறுந்தாலும், கொனெக்டர் பின் அரித்துப்போனாலும் அதே கோட்தான் வரும். உப்புக்காற்று படும் திருகோணமலையில் முதலில் பார்க்க வேண்டியது பின்களைத்தான். எங்களுடையவை சுத்தமாக இருந்தன.

உள்ளே இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் தடை குறையும். சூடான டீசல் இளகி, அடர்த்தியும் குறைவதால், எவ்வளவு பீச்ச வேண்டும் என்பதை எஞ்சின் கம்ப்யூட்டர் இந்த அளவை வைத்துத் திருத்திக்கொள்கிறது. அளவு பிழைத்தால் அந்தத் திருத்தமும் பிழைக்கும்.

இரவு முழுக்க நின்ற வானை ஸ்டார்ட் பண்ணாமல், சாவியை மட்டும் ஒன் பண்ணி ஸ்கானரைப் பார்த்தோம். டீசல், கூலன்ட், உள்ளே போகும் காற்று மூன்றுமே கிட்டத்தட்ட 28 பாகை. குளிரில் சென்சர் சரியாகத்தான் சொல்கிறது. தடையும் 2 கிலோ ஓமுக்குச் சற்றுக் கீழே.

அப்புறம் ஸ்கானரை மாட்டியபடியே நிலாவெளிப் பக்கம் ஓட்டினோம். டீசல் வெப்பநிலை ஐம்பதுகள் வரை ஒழுங்காக ஏறியது. திடீரென்று மைனஸ் 40! எங்கள் ஊரில் அது நடக்குமா? சர்க்கிட் எங்கோ அறுந்து, தடை எல்லையில்லாமல் ஏறியதைக் கம்ப்யூட்டர் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டதன் அடையாளம் அது.

ஓரமாக நிறுத்தி, கொனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு பின்களையும் சிறு கம்பியால் இணைத்தார் பாஸ். ஸ்கானரில் எண் உச்சத்துக்குப் பாய்ந்தது. வயரிங்கும் கம்ப்யூட்டரும் நல்லாயிருக்கின்றன. சென்சரில் மீற்றரை வைத்தால் தொடர்பே இல்லை. பொனட்டைத் திறந்து ஆறவிட்ட பிறகு தடை மெல்லத் திரும்பி வந்தது. சூட்டில் உள்ளே தொடர்பு விட்டுப்போகும் சென்சர். இனி மாற்றலாம்.

எங்கள் வானில் அது டீசல் பம்பில் இருக்கிறது, தனியாகவும் கிடைக்கிறது. சில வாகனங்களுக்குப் பம்போடு சேர்த்துத்தான் விற்பார்கள். அப்படியானால் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கழற்றினோம். சீலும் புதிது போட்டு, ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை அமத்திக் காற்றை வெளியேற்றி, டீசல் கசிகிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்தோம். ஸ்கானரில் அந்தக் கோட் பதிவை அழித்துவிட்டு, மத்தியான வெயிலில் கந்தளாய் வரை ஓடியும் லைட் வரவில்லை.