முறிகண்டியில் கழற்றிய ஸ்பீடோ கேபிள்

பெரியப்பாவின் பழைய மொறிஸ் மைனர் காரில் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதி வழியாக வவுனியா வரை போய் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 1098 சிசி எஞ்ஜின், ஸ்ரீ இலக்கத் தகடு, கதவை மூடினால் 'டொக்' என்று ஒரு கனத்த சத்தம். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத நாட்களில் பெரியப்பா இதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். காபரேற்றருக்குள் துளிப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்தப் புகை மணம் எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

விடியற்காலை புறப்பட்டோம். தங்கையின் மகன் பக்கத்துச் சீற்றில். சாவகச்சேரி, கொடிகாமம், பளை வரை ஒரு குறையுமில்லை. ஆனையிறவில் கடற்காற்று அடிக்கத் தொடங்கிய இடத்தில்தான் டாஷ்போர்ட்டுக்குள் ஒரு கீச்சுச் சத்தம். முதலில் சில்வண்டு போல. வேகம் கூடக்கூடக் கத்திக்குச் சாணை பிடிப்பது போல. ஸ்பீடோ மீற்றரின் ஊசி 20க்கும் 60க்கும் நடுவே துள்ளியது. மைனர் 1000இல் மீற்றர் டாஷ்போர்ட்டின் நட்டநடுவில் இருப்பதால், பயலுக்கும் அது நன்றாகத் தெரிந்தது.

“மாமா, இப்ப அறுபதுக்குப் போகுது!”

எங்கள் வேகம் நாற்பது மைல்கூட இராது. மீற்றரில் மைல், வீதிப் பலகையில் கிலோமீற்றர். வேக எல்லை ஊருக்குள் 50 கிலோமீற்றர் என்றால் 31 மைல், வெளியே 70 என்றால் 43 மைல் என்று மனதில் கணக்குப் போட்டுத்தான் ஓட வேண்டும். ஏ-9இல் ஊசியை நம்பாமல் ஓட எனக்கு மனமில்லை. பின்னால் வந்த பஸ்களுக்கு வழி விட்டு, மெதுவாகவே கிளிநொச்சியைக் கடந்தோம்.

முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி ஒரு வாகனமும் நிற்காமல் போகாது. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, சுடச்சுடக் கச்சான் வாங்கினோம். அப்புறம் நான் காருக்குள் குனிந்து, மீற்றரின் பின்னால் கைவிட்டுக் கேபிளின் திருகு மூடியைக் கழற்றினேன். உள்கம்பி வெளியே வந்து சுழலாமலிருக்க முனையைத் துணியால் சுற்றிக் கட்டினேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். மீற்றரைப் பிரித்துவிட்டு ஓடும்போதும் சத்தம் தொடர்ந்தால் அது கேபிளின் சத்தம். நின்றுவிட்டால் மீற்றரின் சத்தம். இதைப் பார்க்காமல் புதுக் கேபிள் வாங்கிப் போட்டு, அதே கீச்சுச் சத்தத்தோடு வீடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சத்தம் நின்றுவிட்டது. சரி, கேபிளில் பிழையில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு மாங்குளம் வரை ஊசி அசையாமலே ஓடினேன்.

முல்லைத்தீவுப் பாதை பிரியும் அந்தச் சந்திக்குப் பக்கத்தில், தகரக் கொட்டிலில் ஒரு கராஜ். அறுபது வயதைத் தாண்டிய மெக்கானிக். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“கத்துறதையும் ஊசி துள்ளுறதையும் ஒரே வருத்தம் எண்டு நினைக்காதைங்கோ தம்பி. ரெண்டும் வேற வேற.”

மீற்றரைக் கழற்றி மேசையில் வைத்து எங்களுக்கும் காட்டினார். கியர்பொக்ஸிலிருந்து வரும் கம்பி, மீற்றருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் ஒரு மெல்லிய அலுமினியக் கிண்ணம் நிற்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் மின்னோட்டம் பிறந்து, அதுவும் கூடவே சுழல முயல்கிறது. மயிர் போன்ற சுருள்வில் அதைப் பின்னால் இழுக்கிறது. இரண்டும் சமப்படும் இடத்தில் ஊசி நிற்கும். பற்றறி இல்லை, ஒரு வயரும் இல்லை. இவ்வளவு அழகான வேலையை இத்தனை நாள் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பாராமல் இருந்திருக்கிறேனே என்று வருத்தமாக இருந்தது.

காந்தத்தின் தண்டைத் தாங்கும் சிறு வளையமான புஷ் காய்ந்து போயிருந்தது. கத்தியது அதுதான். அவர் பக்கத்துத் தையற்கடையில் மெசின் எண்ணெய் வாங்கி வந்து, ஊசி முனையால் தொட்டு இரண்டே துளி விட்டார். அதற்கு மேல் கூடாது. எண்ணெய் கிண்ணத்துக்குப் போனால் கிண்ணம் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு, ஊசியை மேலே இழுத்துக்கொண்டு போய்விடும்.

அடுத்தது கேபிள். உள்கம்பியை உருவி, மேசைக் கண்ணாடியின் மேல் விரலால் உருட்டினார். எங்காவது வளைவு இருந்தால் அந்த இடத்தில் கம்பி எழும்பித் துள்ளும். அப்படிப்பட்ட கம்பியை நிமிர்த்திப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். எங்களுடையது நேராகத்தான் உருண்டது. ஆனால் ஒரு சாண் நீளத்துக்குக் கிறீஸ் என்பதே இல்லை, செம்மண் நிறத்தில் துரு. முன்பு யாரோ வயரிங் மாற்றியபோது கேபிளை ஓரத்தில் நெருக்கி, மீற்றருக்குப் பின்னால் முழங்கை போல மடித்து விட்டிருந்தார்கள். அந்த மடிப்புக்குள் இருந்த பகுதிதான் துருப்பிடித்தது. அங்கே கம்பி பிடித்துக்கொள்ளும், கீழே கியர்பொக்ஸ் சுற்றிக்கொண்டே இருக்கும், முறுக்கு ஏறும், பிறகு ஒரே உதறலில் விடுபடும். ஊசி துள்ளியதன் காரணம் இதுதான்.

கம்பியை மண்ணெண்ணெயில் கழுவினார். அந்த மணம் வந்ததும் எனக்குப் பெரியப்பாவின் முற்றம் நினைவுக்கு வந்துவிட்டது. துணியால் துடைத்து, விரல்களுக்கிடையே கிறீஸை மெல்லியதாக இழுத்துப் பூசினார். மேல்முனையில் நான்கு அங்குலம் வெறுமனே விட்டார். முறுக்குக் கம்பி சுழலும்போது எண்ணெயைத் திருகாணி போல மேலே ஏற்றிவிடுமாம். அங்கே பூசினால் அது மீற்றருக்குள்தான் போய்ச் சேரும். என்ஜின் ஒயிலை ஊற்றிக் கேபிளை நிரப்புகிறவர்கள் இந்த ஓர் இடத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். கடைசியில் கேபிளைப் பெரிய வளைவாகத் திருப்பி, புதிய கிளிப் போட்டு இறுக்கினார்.

கூலியாக அவர் கேட்டது மிகவும் குறைவு. கூடக் கொடுத்தேன், மறுத்தார், பயல் கையிலிருந்த முறிகண்டிக் கச்சான் பொதியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

புளியங்குளம் தாண்டியதும் நீண்ட நேர் வீதி. ஊசியைச் சரியாக 40 மைலில் பிடித்தேன். அந்த வேகத்தில் ஒரு கிலோமீற்றருக்கு 56 செக்கன் ஆக வேண்டும். பயல் கைக்கடிகாரத்தோடு கிலோமீற்றர் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் தடவை 57, அடுத்தது 56. டாஷ்போர்ட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

இருபது மைலுக்குக் கீழே இன்னும் ஊசியில் மெல்லிய நடுக்கம் இருக்கிறது. துரு தின்ற இடம் முழுதாக மாறாது என்று அவரும் சொல்லித்தான் விட்டார். சரியான நீளத்தில் ஒரு கேபிள் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால், பூட்டுவதற்கு மாங்குளத்துக்கே கொண்டுபோவேன்.