பில்லோடு இணைக்கும் காகிதம்

காட்பாடியில் ஓர் அரசு ஒப்பந்ததாரரிடம் கணக்கு பார்க்கிறேன். காப்பீட்டுப் பாலிசி என்பது வெகுகாலம் எனக்கு முதல் பில்லோடு இணைக்கும் ஒரு காகிதம்தான். இல்லாவிட்டால் பில் திரும்பி வரும். இருந்தால் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது. ஆற்றோரம் நாங்கள் எழுப்பிக்கொண்டிருந்த தடுப்புச்சுவரில் ஒரு பகுதி அடித்தளத்தோடு சாய்ந்தது. சென்டரிங் பலகை, கட்டி வைத்த கம்பி, கொட்டிய ஜல்லி எல்லாம் ஒரே இரவில் போயின. வேலை முடிந்து துறையிடம் ஒப்படைக்கும்வரை நஷ்டம் எங்களுடையது.

கட்டுமான வேலைக்கு நேரும் சேதத்தை ஈடுகட்டும் சி.ஏ.ஆர். (Contractors' All Risks) பாலிசி இருக்கிறதே என்று முதலாளிக்குத் தைரியம் சொன்னேன். சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தார். காயாத சேற்றில் நின்றபடி அவர் கேட்ட முதல் கேள்வி: "ஒப்பந்த மதிப்பு எவ்வளவு?" ஒரு கோடி. பாலிசியோ 60 லட்சத்துக்கு. பிரீமியத்தில் மிச்சம் பிடிக்க நான்தான் அப்படி எழுதிக் கொடுத்திருந்தேன். நஷ்டம் 10 லட்சம்தானே, அறுபதுக்குள் அடங்குகிறதே என்று வாதாடிப் பார்த்தேன். கணக்கு அப்படி இல்லை. மதிப்பில் நூற்றுக்கு அறுபதுக்குத்தான் காப்பீடு என்றால், நஷ்டத்திலும் நூற்றுக்கு அறுபதுதான். கிடைக்க வேண்டிய 6 லட்சத்திலும், வெள்ளச் சேதத்துக்கு நாமே ஏற்க வேண்டிய பங்கு தனியே கழிந்தது.

அந்த வாரம்தான் பாலிசியை வரிவரியாகப் படித்தேன். வயிற்றைக் கலக்கியது வேறொரு பத்தி. மூன்றாம் நபர் பொறுப்பில், அதாவது வெளியாருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீட்டில், நம் ஆட்கள் சேரமாட்டார்கள். சாரத்துப் பலகை வழிப்போக்கர்மேல் விழுந்தால் இழப்பீடு உண்டு. அதே சாரத்திலிருந்து கொத்தனார் விழுந்தால் இல்லை. அவருக்கு, அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி தனிப் பாலிசி வேண்டியிருந்தது. அதுவும் எங்களிடம் இருந்தது, 10 பேருக்கு. வேலை செய்தவர்கள் 22 பேர். மாதக் கூலி 15,000 ரூபாய் என்ற கணக்கில், 40 வயதுக்காரர் ஒருவர் வேலையில் இறந்தால் அன்றைய சட்டப்படி இழப்பீடு 13,81,275 ரூபாய். வெள்ளம் இரவில் வந்ததால் சாரத்தில் யாரும் இல்லை.

இப்போது திங்கட்கிழமைதோறும் மேஸ்திரியிடமிருந்து வருகைப் பதிவேட்டை வாங்கித் தலைகளை எண்ணுகிறேன். போன வாரம் குடியாத்தத்திலிருந்து கம்பி கட்ட நான்கு பேர் வந்தார்கள். அவர்களைப் பாலிசியில் சேர்த்த பிறகே மேலே ஏறச் சொன்னேன்.