அக்கா மகளும் சி மொழியும்: நாட்குறிப்பு

செப்டம்பர் 6, 2025, சனி

அக்கா மகள் இன்ஜினியரிங் முதல் வருடம், சி என்ற புரோகிராமிங் மொழி படிக்கிறாள். கல்லூரி லேபில் இன்னும் அந்த நீலத் திரை டர்போ சி என்ற பழைய கம்பைலர்தான் (எழுதிய புரோகிராமைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றித் தருவது). "மாமா, வாய்ட் மெயின்னுதான் எழுதணுமாம்" என்றாள். லேப்டாப்பில் ஜிசிசி கம்பைலரைப் போட்டுக் கொடுத்து, புரோகிராம் தொடங்கும் இடமான மெயினுக்கு முன்னால் வாய்டுக்கு (எதுவும் திருப்பித் தராது) பதில் இன்ட் (முழு எண் தரும்) எழுதச் சொன்னேன். புரோகிராம் முடியும்போது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஓர் எண் போய்ச் சேர வேண்டும். பூஜ்யம் போனால் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம்.

முதல் எரர் எல்லோருக்கும் வருவதுதான்: திரையில் எழுதிக் காட்டும் பிரிண்ட்எஃப் வரியின் கடைசியில் அரைப்புள்ளி (;) இல்லை. பழைய கம்பைலர்கள் இதற்கு அடுத்த வரியைக் கைகாட்டும். அங்கே போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், புதிதாகப் படிப்பவர்கள் குழம்பிப் போவார்கள். ஸ்பேஸ், என்டர் எல்லாம் சி-க்கு ஒன்றுதான். அரைப்புள்ளி வரும்வரை வாக்கியம் முடியவில்லை என்று படித்துக்கொண்டே போகும். # போட்டுத் தொடங்கும் இன்க்ளூட் வரி (வேறு கோப்பைச் சேர்ப்பது) இதற்கு விதிவிலக்கு. அது தனி வரியில் இருக்க வேண்டும், அரைப்புள்ளியும் கிடையாது.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஐந்து பாட மார்க்கின் சராசரி. மொத்தம் 431. ஐந்தால் வகுத்தால் 86.2 வர வேண்டும், 86.0 வந்தது. "விடையை ஃப்ளோட்லதானே மாமா வெச்சிருக்கேன்?" ஃப்ளோட் என்பது புள்ளி வைத்த எண்களுக்கான வகை. நல்ல கேள்வி. ஆனால் எங்கே வைக்கப் போகிறோம் என்பதை வகுத்தல் பார்ப்பதில்லை. இரண்டு பக்கமும் முழு எண் என்றால் விடையும் முழு எண்; புள்ளிக்குப் பின்னால் இருப்பது அப்போதே போய்விடும். மிஞ்சிய 86-தான் ஃப்ளோட்டுக்குள் போகிறது. 5 என்பதை 5.0 என்று மாற்றியதும் 86.2 வந்தது.

எரரும் இல்லை, வார்னிங்கும் இல்லை. கம்பைலர் கத்தும் தப்பை ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். வாய் மூடி ஏற்றுக்கொள்ளும் தப்புதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். இனி அவளுக்கு இலக்கணப் பட்டியல் வேண்டாம், இந்த மாதிரி இடங்களாகப் பார்த்துச் சொல்லித் தரலாம் என்று முடிவு.

செப்டம்பர் 13, சனி

இன்றைக்கு இஃப், அடைப்புக்குள் இருப்பது உண்மையானால் மட்டும் ஒரு வேலையைச் செய்யச் சொல்வது. மார்க் சரியாக 50 என்றால் "பார்டர் பாஸ்" என்று காட்ட வேண்டும். அடைப்புக்குள் மார்க் = 50 என்று எழுதியிருந்தாள். 23 கொடுத்தாலும் பார்டர் பாஸ், 98 கொடுத்தாலும் பார்டர் பாஸ். வகுப்பில் யாருமே ஃபெயில் இல்லை!

ஒற்றைச் சமக்குறி ஒப்பிடாது, 50-ஐ எடுத்து மார்க்கில் போட்டுவிடும். போட்ட மதிப்பே அந்தக் கோவையின் மதிப்பும் ஆகிறது. பூஜ்யம் அல்லாத எதுவும் சி-க்கு உண்மைதான், ஆகவே இஃப் திறந்துகொள்கிறது. ஒப்பிட == வேண்டும். அல்கால் என்ற பழைய புரோகிராமிங் மொழியில் மதிப்பு போட := இருந்தது. அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் 'பி' மொழியை உருவாக்கியபோது, ஒப்பிடுவதைவிட மதிப்பு போடுவதுதான் அதிகம் என்று சின்னக் குறியை அதற்கு வைத்துவிட்டார். 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி சி-யை அதிலிருந்துதான் வளர்த்தெடுத்தார். தட்டச்சில் மிச்சமானது ஓர் எழுத்து!

இதற்கு மட்டும் மருந்து உண்டு. ஜிசிசி கட்டளையில் கோடு போட்டு டபிள்யூ, ஏ, எல், எல் என்று (-Wall) சேர்த்தால் கம்பைலர் எச்சரிக்கும். அது இல்லாமல் கம்பைல் செய்யாதே என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. ஃபார் அடைப்புக்குப் பின்னால் பழக்கதோஷத்தில் ஓர் அரைப்புள்ளி போட்டால், லூப் வெறுமனே சுற்றிவிட்டுப் போய்விடும் என்பதை ஓட்டிக் காட்டினேன். கீபோர்டில் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் ஸ்கேன்எஃப்-இல் & எதற்கு என்று கேட்டாள். தட்டியதை மெமரியில் எந்த முகவரியில் கொண்டுபோய் வைப்பது என்று அதற்குத் தெரிய வேண்டாமா? மிச்சத்தை, முகவரியை வைத்துக்கொள்ளும் பாயின்டர் வரும்போது பார்க்கலாம்.

அப்புறம் ஒரு வேடிக்கை. ரோல் நம்பர் 042 என்று புரோகிராமில் எழுதினாள், திரையில் 34 வந்தது. முன்னால் பூஜ்யம் இருந்தால் சி அதை எட்டின் அடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும்: நான்கு எட்டு 32, அதோடு இரண்டு. பிடிபி என்ற பழைய கணினிகளின் காலத்தில் எண்களை அப்படி எழுதுவது சகஜம்.

அவள் தோழியின் நம்பர் 048. எட்டின் அடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது என்பதால், அவளுக்குக் கம்பைலரே எரர் காட்டிவிட்டதாம்.